செபஸ்தியார் கழுத்தில் பத்தொன்பது கிராம்

ஆலங்குடி நகைக்கடைத் தராசில் அந்தப் பதக்கத்தின் எடை பத்தொன்பது கிராம். அதே பதக்கம் சூசைக்கொல்லை செபஸ்தியாரின் கழுத்தில் தொங்கியபோது, சுரூபத்தைக் கிரேன் வைத்து லாரியில் ஏற்றி, கடலை மூட்டைகளை நிறுக்கும் எடைமேடையில் நிறுத்தினார்கள். லாரியின் எடை போகப் பதினோரு டன் காட்டியது. மேடைக்காரர் மிஷினில் கோளாறு என்று நினைத்து, பின்னால் நின்ற தேங்காய் லாரியை ஏற்றிப் பார்த்தார். அது சரியாகத்தான் காட்டியது. சாமி என்றால் வெயிட்டு இருக்கத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நாலடி உயர மரச் சுரூபம் அது. உடம்பில் குத்தியிருக்கும் அம்புகளையும் சேர்த்தாலும் நாற்பது கிலோவைத் தாண்டாது.

சூசைக்கொல்லை ஆவூருக்குத் தெற்கே, பழைய மிஷன் காலத்து ஊர். மேலத்தெருவில் கோயில். வாய்க்கால் பாலம் தாண்டினால் கீழத்தெரு. இரண்டு தெருவுக்கும் ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே பூசை, ஒரே சாமியார். ஆனால் தை மாதத் திருவிழாவில் செபஸ்தியார் சப்பரம் மேலத்தெரு முழுக்க வந்து, பாலத்து முக்கில் ஒரு நிமிஷம் நின்று, அப்படியே திரும்பிப் போய்விடும். கீழத்தெருக்காரர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று சிலுவை போட்டுக்கொள்ள வேண்டியது. புதிதாக வருகிற ஒவ்வொரு பங்குச்சாமியாரும், சப்பரம் கீழத்தெருவுக்கும் போனால் என்ன என்று கேட்பார். பார்க்கலாம் ஃபாதர் என்று ஊர்க்கமிட்டி சொல்லும். அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் சாமியாருக்கு மாற்றல் வந்துவிடும். செபஸ்தியாரின் முகத்தைவிட அவருடைய முதுகை நன்றாக அறிந்தவர்கள் கீழத்தெருக்காரர்கள்.

பதக்கம் வந்த கதை இது. கீழத்தெரு ராக்கனின் ஞானஸ்நானப் பெயர் ராயப்பன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் மரியாதையை மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருவில் யாருக்கும் கொடுத்ததில்லை என்பதால் அவர் ராக்கனாகவே இருந்தார். இளவட்ட வயதில் நாகப்பட்டினம் போய் ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பலில் கரி அள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். கப்பல் ஜெர்மனித் துறைமுகம் ஒன்றில் நிற்கும்போது முதல் உலகப்போர் மூண்டது. இங்கிலீஷ்காரன் ஆளுகிற நாட்டு ஆள் என்று ராக்கனைப் பிடித்து முள்வேலிக்குள் அடைத்தார்கள். போர் முடிந்து வெளியே விட்ட பிறகும் ஊருக்கு வர வழியில்லை. சண்டையில் இரண்டு காலும் போன ஒரு சிப்பாயை முதுகில் தூக்கிக்கொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் சாராயக்கடைக்கும் போவதே அவருக்கு வேலையாகிவிட்டது. வருஷக்கணக்கில் தூக்கினார். போர் முடிந்து பதினைந்து பதினாறு வருஷம் கழித்து, போருக்குப் போய்வந்த அத்தனை பேருக்கும் நினைவாக ஒரு பதக்கம் கொடுப்பது என்று அந்தச் சர்க்காருக்கு ஞானம் வந்தது. சிப்பாய்க்கும் ஒன்று வந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் காலால் நடந்ததைவிட உன் காலால் நடந்ததுதான் அதிகம் என்று சொல்லி ராக்கனின் சட்டையில் குத்திவிட்டான். இது ராக்கன் சொன்னது. வேறு சாட்சி கிடையாது.

ஊர் திரும்பிய ராக்கன் அதைச் செபஸ்தியாருக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். சுரூபத்தின் பக்கத்தில் போக அவருக்கு அனுமதி இல்லை. அதனால் மூங்கில் கழியின் நுனியில் கட்டி நீட்டினார். கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை அதை வாங்கி உற்றுப் பார்த்தார். சிலுவை வடிவம் இருந்தது. நடுவில் இலை வளையம் இருந்தது, அது ஆண்டவரின் முள்முடி என்றார். குறுக்கே இரண்டு வாள் இருந்தது, வியாகுல மாதாவின் நெஞ்சில் பாய்ந்த வாள் என்றார். 1914, 1918 என்று எண்கள் இருந்தன. பாத்திமாவில் மாதா காட்சி கொடுத்த வருஷம் இதற்குள்தானே வருகிறது என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டு, முழங்காலிட்டு முத்தி செய்தார். ராக்கன் மறுக்கவில்லை. அவரை யாராவது கேட்டால்தானே மறுப்பதற்கு! அன்றையிலிருந்து பெரிய வெள்ளிக்கிழமைதோறும் மேலத்தெரு முழுக்க வரிசையில் நின்று, தோற்றுப்போன ஒரு பட்டாளத்தின் பதக்கத்துக்கு முத்தம் கொடுத்தது.

அடுத்த தையில் சப்பரம் தூக்கியவர்கள் வழக்கத்தைவிட அதிகமாகத் தோள் மாற்றினார்கள். அதற்கடுத்த வருஷம் ஆள் கூட்ட வேண்டியிருந்தது. முக்கில் திரும்பும் ஒவ்வொரு முறையும் செபஸ்தியார் கொஞ்சம் கனத்தார். சுதந்திரம் வந்தபோது ஆள் போதாமல் மாட்டுவண்டி கட்டினார்கள். அப்புறம் டிராக்டர். அப்புறம் இரண்டு டிராக்டர். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. புது வார்னிஷ் கனம் என்றார்கள், ரேஷன் அரிசி தின்ற உடம்பில் வலு இல்லை என்றார்கள், ஆசாரி பச்சை மரத்தைப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று பாவம் அந்த மனுஷனை ஊரைவிட்டே விரட்டினார்கள். கோயில் தரை அமுங்கியபோது கான்கிரீட் போட்டார்கள். முக்கில் திரும்பாமல் நேரே போய்ப் பார்ப்போம் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ராக்கனின் பேரன் சார்லஸ். வளைகுடா நாட்டில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வந்து சேர்ந்தவர். வாசலை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தார்கள். படுத்தபடியே பாலத்து முக்கு தெரியும். அவர் மனைவி ஞானமணி டிவிஎஸ் ஃபிப்டியில் மீமிசல் போய் மீன் எடுத்துவந்து, ஆவூர் வரைக்கும் ஊர் ஊராக விற்றுக் குடும்பத்தையும் மகள் பிரின்சியின் காலேஜையும் ஓட்டியவள். அவள் குரல் கேட்டால் மேலத்தெரு நாய்கள் வாலைச் சுருட்டிக்கொள்ளும், ஆட்களும்தான். படுக்கைப் புண் ஆறாமல் போனதும், இனி ஆஸ்பத்திரிக்கு அலையவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று சார்லஸுக்குத் தெரியும். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சாவதற்குள் செபஸ்தியார் தன் வாசலுக்கு வரவேண்டும், முகத்தை நேருக்கு நேர் பார்க்கவேண்டும். சொர்க்கத்துக்குப் போனால் பார்க்கலாமே என்று ஒரு உபதேசியார் ஆறுதல் சொன்னார். அங்கேயும் முக்கில் திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று சார்லஸ் கேட்டார்.

2018 தைத் திருவிழாவுக்கு நாட்டாமை ஆரோக்கியதாஸின் மகள் நான்சி லீவில் வந்திருந்தாள். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறாள். முத்தி செய்யக் குனிந்தவள் நிமிர்ந்து, அப்பா, இது குருசு இல்லப்பா, நான் பாத்துக்கிற தாத்தா வீட்டுச் சுவரில் இதே மாதிரி ஒன்று கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது, அவருடைய அப்பா சண்டைக்குப் போனதற்குக் கொடுத்தது என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். எண்பது வருஷமாகக் கொடுத்த முத்தம் எல்லோருடைய உதட்டிலும் கசந்தது. ஆரோக்கியதாஸுக்கு முகம் கறுத்துவிட்டது. கோயில்பிள்ளையை விட்டுப் பதக்கத்தைக் கழற்றச் சொன்னார். இரண்டு விரலால் கழற்றியாயிற்று. அந்த நிமிஷமே செபஸ்தியார் லேசானார். லேசு என்றால் சாதாரண லேசு இல்லை, சப்பரத்தில் வைத்தபோது பறந்துவிடாமல் கயிறு போட்டுக் கட்டவேண்டியிருந்தது. இலவங்காய்க்குள் பஞ்சு மாதிரி ஆகிவிட்டார். மேலத்தெருவுக்கு ஒரே கொண்டாட்டம். இத்தனை வருஷ பாரமும் ராக்கன் செய்த வேலை என்று புரிந்துவிட்டதல்லவா! சப்பரம் துள்ளிக்கொண்டு முக்குக்கு வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ற ஞானமணியின் காலடியில் ஆரோக்கியதாஸ் பதக்கத்தை விட்டெறிந்தார்.

"ஜெர்மன்காரன் தோத்துப்போன சண்டைக்குக் குடுத்த தகரம். இத எங்க சாமி கழுத்துல மாட்டிவிட்டு ஒங்க ஆளு ஊரையே ஏமாத்தியிருக்கான். எடுத்துட்டுப் போங்க ஒங்க சாமானை."

ஞானமணி குனிந்து எடுத்தாள். சேற்றைச் சேலையில் துடைத்தாள். கறுப்பும் வெள்ளையும் சிவப்புமாகச் சாயம் போயிருந்த நாடாவைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

"தோத்தவனுக்குத்தான குடுத்திருக்கான்? அப்ப இது எங்களுக்குத்தான்" என்றாள். "செபஸ்தியாரு மட்டும் என்ன கலெக்டரா? அவரும் பட்டாளத்துக்காரருதான். ராசா சொல்றத கேக்க மாட்டேன்னுட்டுத்தான அம்பு வாங்குனாரு. அவரு எங்க வாசலுக்கு வார வரைக்கும் நான் இங்கிட்டுத்தான் நிக்கப்போறேன். ஆனதப் பாத்துக்கங்க."

சொல்லிவிட்டுப் பாலத்து முக்கின் நட்டநடுவில் வந்து நின்றாள். அதற்குப் பிறகு அவளை யாராலும் நகர்த்த முடியவில்லை. பெண் போலீஸ் வந்து கையைப் பிடித்து இழுத்தது, கைதான் வலித்தது, அவர்களுக்கு. ஜேசிபி வந்தது. வாளியின் பல் வளைந்ததுதான் மிச்சம். ஓட்டிவந்த பையன் இறங்கி வந்து, அக்கா மன்னிச்சுக்கங்க என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் அரைக்கிலோ சங்கராவுக்குச் சொல்லிவைத்துப் போனான். திருவிழா பாதியில் நின்றது. மாற்றுப்பாதை போடலாம் என்று பக்கத்துக் கடலைக் கொல்லையை அய்யாக்கண்ணுவிடம் கேட்டார்கள். அந்தம்மா நிற்க ஆரம்பித்த பிறகு என் கொல்லையில் ஒரு ஆடு வாய் வைக்கவில்லை, ஒரு சாண் இடம் தரமாட்டேன், ஒங்க சண்டைக்கு நான் ஏன் கடலையைப் பிடுங்கணும் என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாசி போனது, சித்திரை போனது. வெயிலில் தார் இளகி அவள் பாதம் கணுக்கால் வரை இறங்கியது. சாலைக்காரர்கள் வந்து பார்த்து, அவளைச் சுற்றிக் கறுப்பு மஞ்சள் கோடு போட்டு ஒரு ரவுண்டானா ஆக்கிவிட்டுப் போனார்கள். மீமிசல் வண்டி இப்போது மீனை அவளிடமே இறக்கியது. அவள் நின்றபடி அரிந்து கொடுத்தாள், ஸ்டூல் போட்டு உட்கார்ந்தும் கொடுத்தாள், பாதம் மட்டும் நகராது. குளியல் முதலான காரியங்களைக் கீழத்தெருப் பெண்கள் சேலையால் மறைப்புக் கட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றி மேற்கொண்டு எழுதுகிறவன் அவர்களிடம் உதை வாங்குவான். மேலத்தெருப் பெண்கள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள், பிறகு விலை கேட்டார்கள், பிறகு கடனும் கேட்டார்கள். பஸ் கண்டக்டர்கள் 'பாலத்து முக்கு' என்பதை விட்டுவிட்டு 'ஞானமணி எறங்கு' என்று கத்தப் பழகினார்கள். சார்லஸும் அவளும் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தபடி செல்போனில்தான் குடித்தனம் நடத்தினார்கள். ஆடியில் சார்லஸுக்குக் காய்ச்சல் கண்டது. கட்டிலில் அவர் உடம்பு நடுங்குவது அவளுக்கு முக்கிலிருந்தே தெரிந்தது. அவள் உடைந்துபோனாள்.

"என்னங்க, நான் இதக் கழட்டிட்டு வந்துர்றேங்க. ஒங்களவிட எனக்குச் சாமி பெருசா?"

"ஏ ஞானம், கழட்டாத. நீ இங்கிட்டு வந்தா அவரு வரமாட்டாரு. காய்ச்சல் வந்தா போகும். போன வையி, சார்ஜ் இல்ல."

காய்ச்சல் போனது. ஆனால் மனுஷன் பாதியாகிவிட்டார். அடுத்த தை வரைக்கும் தாங்குவாரா என்று ஞானமணி கழுத்துப் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு தினமும் செபஸ்தியாரோடு சண்டை போட்டாள்.

தைக்கு முன்னால் கஜா புயல் வந்தது. ஐப்பசி கடைசி நாள். விடிகிற நேரத்தில் காற்று திரும்பி மேற்கேயிருந்து அடித்தது. ஆலங்குடிப் பக்கம் தென்னை என்று ஒன்று மிச்சமில்லாமல் சாய்த்த அதே காற்றுதான். கரண்ட் கம்பங்கள் முறிந்தன, வண்டிகள் உருண்டன, ஞானமணி நின்றாள். அவள் கண்முன்னால் தன் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை எழும்பிப் போனது. உள்ளே எழுந்து ஓடமுடியாத மனுஷன், கூட ஒரு பெண்பிள்ளை. செல்போன் செத்துவிட்டது. சாமியாவது பூதமாவது என்று அவள் நாடாவின் முடிச்சில் கையை வைத்துவிட்டாள். நனைந்த முடிச்சு இறுகிக்கிடந்தது. பல்லால் கடித்து இழுக்கலாம் என்று குனிந்து நிமிர்ந்தபோது மேற்கே வானத்தில் செபஸ்தியார் வந்துகொண்டிருந்தார். கோயில் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு, அம்பும் கையுமாக, தென்னை மர உயரத்தில், பஞ்சுபோல் வந்தார். கனமெல்லாம் கழற்றி எறிந்தாயிற்றே, அவரை எது பிடித்து நிறுத்தும்? தலைக்கு மேலே தாழப் பறந்து போகும்போது ஞானமணி முடிச்சை விட்டுவிட்டு எட்டி அவருடைய கணுக்காலைப் பிடித்தாள்.

அப்படியே பிடித்தபடி நின்றாள். கூரை போன கீழத்தெருக்காரர்கள், அந்த ஊரில் அசையாத ஒன்று அவள்தான் என்று கண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சங்கிலியாக வந்து அவள் இடுப்பைப் பற்றினார்கள். சங்கிலியின் ஒரு முனை அவள், மறுமுனை சார்லஸின் வாசலில் பிரின்சி. "அப்பா நல்லாருக்காரு, கட்டிலுக்கு அடியில இருக்காரு" என்று பிரின்சி சொன்னதைப் பக்கத்து ஆள் அடுத்த ஆளுக்குக் கத்தினார், அவர் அடுத்தவருக்கு. வாய் வாயாக வந்து அது ஞானமணியின் காதில் விழுந்தபோது அவள் ஓவென்று அழுதாள். சுரூபத்தைத் துரத்திக்கொண்டு ஓடிவந்த ஆரோக்கியதாஸும் மேலத்தெரு ஆட்களும் அவளுடைய இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நாட்டாமையின் கை கீழத்தெருத் தோட்டி மகனின் கைக்குள் இருந்தது. காற்று அடித்த வரைக்கும் யார் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. காற்று நின்றதும் கேட்டார்கள்.

"சரி, சாமியக் குடு" என்றார் ஆரோக்கியதாஸ், வேட்டியைப் பிழிந்தபடி.

"தாராளமா எடுத்துக்கங்க நாட்டாமை" என்றாள் ஞானமணி. காற்று நின்றதும் முடிச்சும் இளகியிருந்தது. அதை அவிழ்த்துப் பதக்கத்தைச் செபஸ்தியாரின் கழுத்தில் போட்டுத் தரையில் நிறுத்தினாள். மேலத்தெரு ஆட்கள் மேற்கே பார்த்துத் தூக்கினார்கள். அசையவில்லை. இன்னும் பத்துப்பேர் வந்தார்கள். மூச்சுத்தான் வாங்கியது. அசைந்தாலும் போவதற்கு வழி கிடையாது. மேலத்தெரு முழுக்கத் தென்னையும் கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கீழத்தெரு மட்டும் துடைத்த மாதிரி இருந்தது, ஏனென்றால் அங்கே விழுவதற்கு எதுவும் இல்லை. மரம் வைக்க நிலம் இல்லை, தெருவிளக்குக் கம்பம் பாலத்தோடு நின்றுபோனது. கோயிலுக்குப் போக வேண்டுமானால் கீழத்தெரு வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். ஆரோக்கியதாஸ் மேற்கேயும் பார்த்தார், கிழக்கேயும் பார்த்தார். ஞானமணி கண்ணைக் காட்டினாள். பிரின்சியும் இன்னும் மூன்று பெண்களும் வந்து கிழக்கே பார்த்துத் தூக்கினார்கள். மீன் கூடைக்கு என்ன கனமோ அதுதான் இருந்தது. ஞானமணி தாரிலிருந்து ஒவ்வொரு காலாகப் பிடுங்கி எடுத்தாள். நடை மறந்துபோயிருந்ததால் செபஸ்தியாரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

சார்லஸைத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். கூரை இல்லாததால் வெயில் நேராக முகத்தில் விழுந்தது. செபஸ்தியாரை வாசலில் அவருக்கு எதிரே இறக்கினார்கள். கொட்டு இல்லை, வெடி இல்லை, ஒற்றை மெழுகுவத்திகூட இல்லை. சார்லஸ் வெகுநேரம் பார்த்தார்.

"ஏ ஞானம், இம்புட்டுக் குள்ளமா இவரு?"

"தூரத்துலேருந்து பாத்தா எல்லாரும் ஒசரமாத்தாங்க தெரிவாங்க" என்றாள் அவள்.

சார்லஸ் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார், அம்பு குத்திய அந்த மரக்காலைப் பிடித்துக்கொண்டு, இத வச்சுக்கிட்டா எங்கள இத்தன வருசம் நிக்க வச்சீங்க என்று பாலத்துப் பக்கம் பார்த்துக் கேட்டார். உச்சி வெயில் வரைக்கும் அவர் காலை விடவில்லை, யாரும் அவசரப்படுத்தவுமில்லை. அதற்குப் பிறகு சார்லஸ் சாகவில்லை. படுக்கைப் புண் ஆறி இன்றைக்கும் இருக்கிறார். டாக்டருக்கு மட்டும் கொஞ்சம் சங்கடம்.

இப்போது சூசைக்கொல்லையில் சப்பரம் முதலில் கீழத்தெருவுக்குத்தான் போகும். மேலத்தெரு இளவட்டங்கள் எப்போதாவது ரோஷம் வந்து முக்கில் மேற்கே திருப்பிப் பார்ப்பதுண்டு. சப்பரம் உட்கார்ந்துவிடும். அட போங்கப்பா என்று கிழக்கே திருப்புவார்கள், எழுந்துவிடும். பதக்கத்தை யாரும் கழற்றுவதில்லை. பெரிய வெள்ளிக்கிழமை முத்தி செய்யும்போது அது பட்டாளத்துப் பதக்கம் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். ரோட்டில் பதிந்த ஞானமணியின் இரண்டு பாதத் தடத்தின் மேலே புதுத் தார் போட்டுப் பார்த்தார்கள், மறுநாளே பழையபடி பள்ளமாகிவிடுகிறது. அதனால் அதை விட்டுச் சுற்றித்தான் தார் போடுகிறார்கள். திருவிழாவுக்கு வரும் வெளியூர் விருந்தாளிகளிடம் ஆரோக்கியதாஸ், எங்க ஊர்ல ஆதியிலேருந்தே சப்பரம் மொதல்ல கீழத்தெருவுக்குத்தாங்க போகும், அதான் வழக்கம் என்று பெருமையாகச் சொல்வார். அந்த நேரம் பார்த்து ஞானமணி எங்கிருந்தாலும் வந்துவிடுவாள்.

"ஆதியிலேருந்து இல்ல நாட்டாமை. கஜாவிலேருந்து."

ஆமாம், கஜாவிலேருந்து என்று அவரும் திருத்திச் சொல்லிவிட்டு, சப்பரத்தைக் கிழக்கே திருப்பச் சொல்வார்.